நத்தைப் பிரபுவுக்குக் கண்ணீர் அஞ்சலி

என் வீட்டுக்காரர் முகத்தில் ஒரு திருடன் ஒளிந்திருக்கிறான் என்று கண்டுபிடித்தது போலீஸ் இல்லை, என் கூடப்பிறந்த அண்ணன். அப்போது எனக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை.

அண்ணன் காஸ்டோனே மிலானில் காமிக்ஸ் வரைந்துகொண்டிருந்தான். சட்டைப்பையில் அடங்குகிற குட்டிப் புத்தகம். பெட்டிக்கடையில் வாங்கி, ரயிலில் படித்து, ரயிலிலேயே போட்டுவிட்டு இறங்கிப் போகிற சரக்கு. கதாநாயகன் பெயர் நள்ளிரவு நரி. மாதம் ஒரு வில்லனைப் பிடித்துக் கொடுப்பது அவன் வேலை. வில்லன்கள் தீர்ந்துபோன ஏதோ ஒரு மாதம் அண்ணனுக்கு எங்கள் கல்யாண விருந்து ஞாபகத்துக்கு வந்திருக்கிறது. மாப்பிள்ளை ஒட்டோரினோ மீனை முள் முள்ளாகப் பிரித்து, ஓரமாக அடுக்கி, மென்று, நடுவில் வாயைத் துடைத்து, மறுபடி மென்றுகொண்டிருந்தார். எங்கள் அப்பாவோ, மாப்பிள்ளை எழுந்திருக்காமல் ஒருத்தரும் மேசையை விட்டு நகரக் கூடாது என்று கண்ணை உருட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அண்ணன் ரயிலைத் தவறவிட்டான். அந்தக் கடுப்பில் பிறந்தவன்தான் நத்தைப் பிரபு.

நத்தைப் பிரபு உயரமான தொப்பி வைத்த கொள்ளைக்காரன். நகைக்கடைப் பூட்டை உடைத்து நுழைவான். நுழையும் முன் மிதியடியில் காலைத் துடைப்பான். பெட்டகத்தைத் திறந்தால் ஒவ்வொரு மோதிரத்தையும் விளக்கில் காட்டிப் பார்ப்பான். விடிந்து, போலீஸ் வந்து துப்பாக்கியை நீட்டினால், "இருங்க, ஒரு நிமிஷம்" என்பான். மூக்கு, மீசை, ஒரு பக்கம் சாய்ந்த நடை, சர்க்கரை போடாத காப்பியைக் கரண்டியால் கலக்கிக்கொண்டே இருப்பது, அந்த "ஒரு நிமிஷம்", எல்லாம் அச்சு அசல் என் வீட்டுக்காரர். ஒன்றையாவது மாற்றினானா அந்தப் பாவி!

சில்லறை வில்லன்தான். நாலைந்து புத்தகத்தில் தலைகாட்டினான். கடைசியில் போலீஸிடமிருந்து ஓடும்போது (ஓடினானாம்!) கால்வாயில் விழுந்து போய்ச் சேர்ந்தான். மிலானில் அவனை அந்த வாரமே மறந்திருப்பார்கள். ஆனால் எங்கள் ஊர் கியோஜ்ஜா, கால்வாயும் கடலுமாகக் கிடக்கிற மீன்பிடி ஊர். இங்கே ஒரு பெயர் ஒட்டிக்கொண்டால் சுரண்டினாலும் போகாது.

எங்கள் ஊரில் பாதிப் பேர் போஸ்கோலோ, மீதிப் பேர் தியோட்ஸோ. குடும்பப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் தெருவே திரும்பிப் பார்க்கும். அதனால் ஆளுக்கொரு பட்டப்பெயர். வரி ஆபீஸிலிருந்து கல்லறை வரைக்கும் அதுதான் செல்லுபடி. போஸ்கோலோவான என் வீட்டுக்காரருக்கும் அவர் தாத்தா வழியில் ஒன்று இருந்தது; அது என்னவென்று எங்கள் மகளைக் கேட்டாலே முழிப்பாள். அவர் பிரபு, அவ்வளவுதான். தபால்காரர் முதல் சாமியார் வரை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். இதில் அவர் பிழைப்புக்கு நடத்துவது என்ன தெரியுமா? டிரைவிங் ஸ்கூல். ஊரில் வண்டி ஓட்டுகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் அவரிடம் கற்றவர்கள். கோடையில் சொட்டோமரீனா கடற்கரைக்கு வருகிற வெளியூர்க்காரர்கள் பின்னால் ஹாரன் அடித்து அடித்தே கறுத்துப்போவார்கள்.

இதுவரைக்கும் சிரிப்பு. சிரிப்பில்லாத பங்கு என்னுடையது. என் வீட்டுக்காரர் என் அண்ணனோடு பேச்சை நிறுத்திவிட்டார். கத்தலில்லை, கைகலப்பில்லை. "உன் அண்ணன்கிட்ட உப்பை இந்தப் பக்கம் தள்ளச் சொல்லு" என்று ஆரம்பித்தது. பிறகு உப்பில்லாமலே சாப்பிட்டார். பிறகு அவனோடு ஒரே மேசையில் உட்காருவதே இல்லை என்றாகிவிட்டது. எங்கள் மகள் மரிலேனா கல்யாணத்துக்கு அண்ணன் கோயில் வரைக்கும் வந்தான். மோதிரம் மாற்றுவதைப் பார்த்தான். சாப்பிடாமல் கிளம்பிப் போய்விட்டான். கூடப்பிறந்தவன் வெறும் வயிற்றோடு போகிறானே என்று நான் கேக் வெட்டும் நேரத்தில் அழுதேன். எல்லாரும் ஆனந்தக் கண்ணீர் என்றார்கள். ஆனந்தமாவது மண்ணாங்கட்டியாவது.

இந்த வருஷம் மரிலேனாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. ஞாயிற்றுக்கிழமை ஞானஸ்நானம், அதன்பின் எங்கள் வீட்டில் விருந்து. எங்களுக்கெல்லாம் வயசாகிவிட்டது. இதை விட்டால் இன்னொரு விருந்து வாய்க்குமோ வாய்க்காதோ. அண்ணனும் அவரும் ஒரு மேசையில் உட்கார்ந்து ஒரு வேளை சாப்பிட வேண்டும். எனக்கு வேறு எந்த ஆசையும் இல்லை; அதை அவரிடம் வாய்விட்டே கேட்டேன்.

"அவன் வந்தா நான் அடுப்படியில சாப்பிட்டுக்கிறேன்" என்றார்.

"அடுப்படியில இடமில்ல. அங்க நான் இருப்பேன்."

"அப்ப கார்ல உக்காந்து சாப்பிடுறேன்."

"உங்க மூஞ்சிய வரைஞ்சது அவ்வளவு பெரிய குத்தமா? இருக்கிற மூஞ்சியத்தானே வரைஞ்சான்! புதுசா மூக்கா ஒட்ட வெச்சான்?"

"உனக்குப் புரியாது, நீவெஸ்" என்று சொல்லிவிட்டுக் காப்பியைக் கலக்க ஆரம்பித்தார். அவர் கலக்க ஆரம்பித்தால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம்.

இந்த நேரம் பார்த்துத்தான் ரோமிலிருந்து டிவிக்காரர்கள் நள்ளிரவு நரியைத் தூசி தட்டி எடுத்தார்கள். பெரிய தொடராம், பழைய வில்லன்கள் எல்லாரும் வருகிறார்களாம். உரிமை பதிப்பகத்திடம் இருந்ததால் அண்ணனை ஒரு வார்த்தை கேட்கவில்லை. முதல் எபிசோடிலேயே நத்தைப் பிரபு உண்டு என்று பத்திரிகையில் வந்தது. அதை எங்கள் தெரு ஃபியொரெல்லா தன் மதுக்கடையில் காப்பி மெஷினுக்கு மேலே ஒட்டி வைத்துவிட்டாள். அவ்வளவுதான், மீன் கடை சிஸ்டோவுக்குப் பிழைப்பே அதுவானது. சிஸ்டோ என் வீட்டுக்காரருடைய பால்ய சிநேகிதன். நாக்கில் எலும்பு இல்லாத ஆள்.

"பிரபு, இப்பவே கையெழுத்துப் போட்டுப் பழகிக்கோ. நீ போடுற வேகத்துக்கு ரசிகருங்க பொழுது சாயிற வரைக்கும் நிக்கணும்."

"எனக்கும் அந்தக் கண்றாவிக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல" என்றார் இவர்.

"சம்பந்தமில்லாதவன் எதுக்குய்யா மீசைக்கு மை போட்டிருக்கே?"

"வெயில்ல கறுத்திருக்கும்."

"உங்க வேஷத்தை யாரு கட்டுறாங்களாம்?" என்று கேட்டாள் ஃபியொரெல்லா.

"யாரோ. மூக்கு ஓரளவு உள்ளவனாப் பாத்துத்தான் போட்டிருப்பாங்க" என்றார், கோப்பைக்குள் பார்த்துக்கொண்டே. நான் பக்கத்தில்தான் இருந்தேன். மனுஷன் காது மடல் வரைக்கும் சந்தோஷப்பட்டதை இந்தக் கண்ணால் பார்த்தேன்.

வியாழக்கிழமை சாயங்காலம் கடை முழுக்க ஜனம். பார்க்கவே மாட்டேன் என்றவர் டை கட்டிக்கொண்டு வந்து டிவிக்கு நேர் எதிரே உட்கார்ந்தார். ஃபியொரெல்லா எல்லாருக்கும் சிப்பி போட்ட ஸ்பகெட்டி கொண்டுவந்து வைத்தாள். இவர் கைக்குட்டையைக் கழுத்தில் செருகி, முள்கரண்டியில் முதல் சுருளைச் சுற்றிக்கொண்டிருந்தார். "நத்தைப் பிரபு வர்றான்!" என்று திரையில் யாரோ கத்தினார்கள்.

வந்தான். மாதாவே, என்ன சொல்ல! தோல் ஜாக்கெட். வழவழவென்று மழித்த கன்னம். மூக்கு இருந்த இடத்தில் ஏதோ குட்டியாக ஒன்று. பார்க்க அழகன்தான், அதை மறைக்க மாட்டேன். ஆனால் அவன் ஏறி உட்கார்ந்தது மோட்டார் சைக்கிளில். அதை முறுக்கிக்கொண்டு கூரை மேல் பாய்ந்தான், படிக்கட்டில் இறங்கினான், கூட்டாளிகளைப் பார்த்து, "சீக்கிரம்! சீக்கிரம்!" என்று கத்தினான். கடைசியில் பாலத்திலிருந்து வண்டியோடு ஒரு பெரிய ஆற்றில் விழுந்து செத்தான். இவர் முதல் சுருளை இன்னும் வாயில் வைக்கவில்லை.

"பிரபு," என்றான் சிஸ்டோ, "மூக்கை எங்கய்யா கழட்டி வெச்சுட்டுப் போனே?"

கடையே அதிர்ந்தது. நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே திரும்பினால், அவர் முள்கரண்டியைத் தட்டில் வைத்துவிட்டு எழுந்துவிட்டார். கல்யாணமான நாளிலிருந்து அவர் தட்டில் மிச்சம் வைத்து நான் பார்த்ததில்லை. கதவைத் தள்ளிக்கொண்டு வீட்டைப் பார்க்க நடந்தார். வேகமாக நடந்தார். என்னால் கூட வர முடியவில்லை.

மறுநாள் பூராவும் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. ஸ்கூலுக்குப் போகவில்லை. காப்பியை அப்படியே, கலக்காமல் குடித்தார்.

"அவங்களுக்கு என் மூக்குகூட வேண்டாம்னு ஆயிருச்சு" என்றார் ஒரே ஒரு தடவை.

"நீங்கதானே அந்த மூஞ்சி பிடிக்கலன்னீங்க?"

இந்த லட்சணத்தில் ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வருவதைப் பற்றிப் பேச்செடுக்க நான் என்ன பைத்தியமா? ஏற்கெனவே கூப்பிட்டுவைத்த அண்ணனுக்குப் போன் பண்ணி, வராதே என்று சொல்ல வேண்டியதுதான் என்று முடிவு செய்தேன். சொல்ல மனசு வராமல் நாளைக்கு நாளைக்கு என்று தள்ளினேன்.

சிஸ்டோவுக்கும் மனசு உறுத்தியிருக்கிறது. உறுத்தினால் மனுஷன் என்ன செய்வான்? வந்து மன்னிப்புக் கேட்பான். சிஸ்டோ சிரிக்க வைக்கப் பார்த்தான். எங்கள் ஊரில் யாராவது போய்விட்டால் கறுப்புக் கட்டம் போட்டுக் கண்ணீர் அஞ்சலித் தாள் அடித்து வீகோ பாலத்தருகே பலகையில் ஒட்டுவார்கள். சனிக்கிழமை விடியும்போது மீன் ஏலத்துக்குப் போகிற வழியில் இவனும் ஒன்று ஒட்டிவிட்டுப் போயிருக்கிறான். மேலே சிலுவை. நடுவில் கொட்டை எழுத்தில்: போஸ்கோலோ, நத்தைப் பிரபு. அதற்குக் கீழே பொடி எழுத்தில்: "வியாழன் மாலை டிவியில், சாப்பாட்டுக்கு நடுவே, திடீரெனக் காலமானார். அன்னாரின் பிரிவால் வாடுவது: அவருடைய மூக்கு, மீசை, மற்றும் இரண்டாம் கியருக்கு மேல் போடத் தெரியாத கியோஜ்ஜா மக்கள்."

நல்ல வேடிக்கைதான். ஆனால் எங்கள் ஊரில் யார் அஞ்சலித் தாளில் பொடி எழுத்தைப் படிக்கிறார்கள்? ஒரே பேரில், ஒரே குடும்பப் பேரில் தெருவுக்கு இரண்டு பேர் இருக்கிற ஊர் இது. கண் நேராகப் பட்டப்பெயருக்குத்தான் போகும். அதைப் படித்ததும் கால் செத்தவர் வீட்டுக்குப் போகும். இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த சிஸ்டோவுக்கு இது தெரியாதா? தெரியும். வேடிக்கை பண்ணுகிற அவசரத்தில் மறந்துவிட்டான்.

முதலில் வந்தது எதிர் வீட்டு ஆர்மிதா. கதவைத் திறந்தால் கறுப்புச் சால்வையும், கையில் ஒரு பெரிய பாத்திரத்தில் பாஸ்தாவுமாக நிற்கிறாள்.

"நீவெஸ்! எப்படிடி தாங்கப்போறே!"

டிவி சமாச்சாரம்தான் என்று நான் நினைத்துக்கொண்டேன். "என்ன பண்றது, ஆர்மிதா. ஆம்பளைங்களுக்கு மனசு பலம் கிடையாது."

"எப்படிப் போனாரு?"

"நீ பாக்கலையா? மோட்டார் சைக்கிள்ல போயி ஆத்துக்குள்ள விழுந்தாரு."

"மோட்டார் சைக்கிளா! இந்த வயசுலயா!"

"அதத்தான் நானும் சொல்றேன். அவருக்குப் பொருந்தவே இல்ல."

ஆர்மிதா என்னைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள். இந்த அழுகை ஒரு தொடருக்குக் கொஞ்சம் அதிகமாயிற்றே என்று நான் யோசிக்கும்போதே, உள்ளேயிருந்து பைஜாமாவோடு என் வீட்டுக்காரர் வந்து, "காப்பி ஆச்சா?" என்றார். பாஸ்தா தரையில்.

விஷயம் புரிந்ததும் அவர் பைஜாமா மேலேயே கோட்டை மாட்டிக்கொண்டு பாலத்துக்குப் போனார். நானும் ஓடினேன். அங்கே ஒரு கூட்டம். இவரைப் பார்த்ததும் இரண்டு கிழவிகள் சிலுவை போட்டுக்கொண்டார்கள். இவர் யாரையும் கவனிக்காமல் பலகை முன்னால் நின்று, கொட்டை எழுத்து, பொடி எழுத்து, அச்சகத்தின் பெயர் வரைக்கும் நிதானமாகப் படித்தார். அவரிடம் வண்டி கற்ற ஒரு லாரி டிரைவர், ஆள் மலை மாதிரி இருப்பான், ஓடி வந்து அவரைத் தூக்கியே விட்டான்.

"சார்! உயிரோடயா இருக்கீங்க! கிளட்ச்ச விடும்போதெல்லாம் உங்களத்தான் சார் நெனைச்சுக்குவேன்!"

"மெதுவா விடுறியா?"

"மெதுவாத்தான் சார் விடுறேன்!" என்று அழுதான் அவன்.

வரிசையாக வந்தார்கள். கையைப் பிடித்தார்கள், தோளைத் தட்டினார்கள். தன் அஞ்சலித் தாள் பக்கத்தில் தானே நின்று துக்கம் விசாரிக்க வந்தவர்களுக்கு ஆறுதல் சொன்ன மனுஷரை நீங்கள் எங்கே பார்த்திருப்பீர்கள்? யாரோ தாளைக் கிழிக்கப் போனார்கள்; கையைத் தட்டிவிட்டார். ரப்பர் பூட்ஸோடு சிஸ்டோ தலைதெறிக்க ஓடிவந்தான்.

"பிரபு, சத்தியமா விளையாட்டுக்குத்தான் பண்ணினேன். என்னை ரெண்டு அறை அறைஞ்சிரு."

"நல்லாத்தான் எழுதியிருக்கே" என்றார் இவர். "ஒரு படம் போட்டிருக்கலாம்."

வீட்டுக்கு வந்தால் டெலிபோன் ஓயவில்லை. இழவு விசாரிக்கிறவர்களுக்கெல்லாம் பதில் சொல்லி வாய் வலித்து, ஒயரைப் பிடுங்கிப் போட்டுவிட்டு மத்தி மீன் வறுக்க உட்கார்ந்தேன். விருந்து நாளைக்கு, வெங்காயம் போட்டு, காடி ஊற்றி ஊறப்போட வேண்டாமா? அந்தத் தாளை யாரோ புண்ணியவான் போனில் படம் பிடித்து மிலானுக்கு அனுப்பியிருக்கிறான் என்பது எனக்கு எப்படித் தெரியும்?

மதியம் தாண்டி மணி அடித்தது. என் கையெல்லாம் மாவு. "யாருன்னு பாருங்க" என்றேன். அவர் எழுந்து, செருப்பை மாட்டி, கோட்டைச் சரிசெய்து நடப்பதற்குள் மணி விடாமல் அடித்தது. கதவு திறந்த சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன்.

வாசலில் என் அண்ணன். கறுப்பு டை, கசங்கின கோட்டு, அவனைவிடப் பெரிய ஒரு மலர்வளையம். அதன் ரிப்பனில் "என் மாப்பிள்ளைக்கு" என்று எழுதியிருந்தது. அவன் என் வீட்டுக்காரரைப் பார்த்த பார்வையை என்னால் சொல்ல முடியாது. மலர்வளையம் கை நழுவி விழுந்து படிக்கட்டில் உருண்டது. சுவரைப் பிடித்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதான், சின்னப் பையன் மாதிரி.

"நீ செத்துட்டேன்னாங்களே... நீ செத்துட்டேன்னாங்களே, மாப்ளே..."

என் வீட்டுக்காரர் கதவைப் பிடித்தபடியே நின்றார். மூடிவிடப்போகிறார் என்றுதான் நினைத்தேன். பிறகு, மரிலேனா சின்னக் குழந்தையாக இருந்த காலத்துக்குப் பிறகு முதல் தடவையாக, என் அண்ணனிடம் வாயைத் திறந்தார்.

"மறுபடியும் கொன்னுட்டியா?"

"நான் இல்ல மாப்ளே! டிவிக்காரங்க என்னை ஒரு வார்த்தை கேக்கல!"

"டிவிய விடு. அவனுக்கு மூக்கே இல்ல, அவன் எவனோ. நான் கேக்கிறது நீ பண்ணினதை."

"உன் மூஞ்சிய வரைஞ்சது தப்புதான், அதுக்காக நான்..."

"மூஞ்சியா?" என் வீட்டுக்காரர் குரல் உயர்ந்தது. அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. "மூஞ்சிய யாருய்யா கேட்டா? திருடனா வரைஞ்சே, சரி. ஊரே சிரிச்சுது, சரி. அதுக்கு முன்னாடி நான் யாரு? ஆயிரம் போஸ்கோலோவுல ஒரு போஸ்கோலோ. நீ வரைஞ்ச பிறகுதான் தெருவுல நாலு பேரு என்னைத் திரும்பிப் பாத்தாங்க. மாசா மாசம் பெட்டிக்கடையில போயி நின்னேன், இந்தத் தடவையாவது வருவானா வருவானான்னு. கடைசியில வந்தான். வந்ததும் கால்வாய்ல தள்ளிட்டியே!"

எனக்குக் கையில் இருந்த மாவு மறந்துவிட்டது. யோசித்துப் பார்த்தால், பிரபு தலைகாட்டிய முதல் புத்தகம் வந்த வருஷம் கிறிஸ்மஸுக்கு இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்துதானே விலாங்கு மீன் தின்றார்கள்? பேச்சு நின்றது அதற்குப் பிறகு. பிரபு செத்த பிறகு. நான் ஒரு மடச்சி, இத்தனை காலமும் மூக்கைப் பற்றியே சமாதானம் பேசியிருக்கிறேன்.

"அதுவும் எங்க தள்ளினே?" அவர் விடவில்லை. "வீகோ பாலத்தடியில! வேனா கால்வாய்ல! நீ இந்த ஊர்லதானடா பொறந்தே? தண்ணி வத்துற நேரத்துல அங்க இடுப்பளவாவது இருக்குமா? என்கிட்டப் படிச்ச ஒருத்தன் காரோட உள்ள விழுந்தான். கதவைத் தொறந்து நடந்து வந்தான். வாயில இருந்த சிகரெட்டுகூட அணையல. அங்க எப்படிய்யா ஒரு மனுஷன் சாவான்? யாரோ வெளியூர்க்காரன் வரைஞ்சா மன்னிச்சிருப்பேன்!"

"இத அன்னைக்கே சொல்லித் தொலைச்சிருக்கலாமில்ல!" என்று நான் கத்தினேன்.

"எப்படிச் சொல்றது? 'அய்யா, என்னை இன்னும் கொஞ்ச நாளைக்குத் திருடனா வெச்சிரு'ன்னு போயிக் கெஞ்சச் சொல்றியா?"

அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். மூக்கை உறிஞ்சினான்.

"நான் உன்னைச் சாகடிக்கல" என்றான்.

"என்னது?"

"அந்தப் பக்கத்த ஞாபகப்படுத்திப் பாரு. கடைசிக் கட்டத்துல என்ன இருக்கு?"

"தொப்பி" என்றார் இவர் உடனே. யோசிக்கவே இல்லை. "தண்ணி மேல தொப்பி மெதக்குது."

"தொப்பி மட்டும்தானே? பதிப்பகத்து ஆசிரியர் பொணத்த வரைன்னுதான் சொன்னாரு. நத்தை விக்கல, ஒழிச்சுக் கட்டுன்னாரு. உக்காந்தேன். உன் மூஞ்சிய கண்ணை மூடின மாதிரி போட வரல, மாப்ளே. போட்டுப் போட்டுக் கிழிச்சேன். அதைப் போட்டா எதிர்ல இவ வந்து நிக்கிறா, கறுப்புத் துணியோட." என்னைக் காட்டினான். "கை ஓடல. தொப்பிய மெதக்க விட்டுக் கொடுத்துட்டு வந்துட்டேன். அதுக்கு என்னைத் திட்டினாங்க."

"கதையில இன்ஸ்பெக்டர் 'ஒழிஞ்சான்'னு சொல்றாரே?"

"இன்ஸ்பெக்டர் மிலான்காரரு. நம்ம கால்வாய் ஆழம் அவருக்கு என்ன தெரியும்?"

என் வீட்டுக்காரர் மீசையைத் தடவி யோசித்தார். அவர் யோசிக்கிற வேகம்தான் உங்களுக்குத் தெரியுமே. கீழே படிக்கட்டில் மலர்வளையத்தை யாரோ தாண்டிப் போனார்கள். மீன் கருகுகிற வாசனை வந்தது. வரட்டும் என்று விட்டுவிட்டேன்.

"அப்ப அவன் சாகல" என்றார்.

"சாகல."

"இத்தனை வருஷமா அப்ப எங்கதான் இருந்தான்?"

"நத்தைதானே" என்றான் அண்ணன். "இன்னும் கால்வாய்ப் படி ஏறிட்டிருக்கான்."

முதலில் மீசை ஆடியது. பிறகு தோள் குலுங்கியது. என் வீட்டுக்காரர் சிரித்தார், கதவு நிலையில் சாய்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு. அண்ணனுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்து விக்கல் எடுத்தது. எனக்குக் கண்ணீர் வந்தது. வெங்காயம் என்று சொல்லித் தப்பிக்க மாட்டேன், சந்தோஷத்தில்தான் அழுதேன்.

சிரிப்பு அடங்கியதும் அவர் அண்ணன் கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு வந்தார். தன் நாற்காலிக்குப் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"சாப்பிட்டியா, மச்சான்?"

அண்ணன் இல்லை என்று தலையை ஆட்டினான். நாளைக்கு என்று வைத்திருந்த மீனை எடுக்க நான் ஓடினேன். அலமாரியிலிருந்து இரண்டு தட்டை ஒன்றாக இழுத்த அவசரத்தில் ஒன்று கீழே விழுந்து சில்லு சில்லாகத் தெறித்தது. மேசையில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த இரண்டு பேரும் சேர்ந்தாற்போல் கத்தினார்கள்:

"மெதுவா, நீவெஸ்!"